இசைத்தட்டில் ஒளிந்த காவலாளி

விருந்தினரை வாயில்வரை சென்று வரவேற்பது நம் மரபு. அவர் கொண்டுவரும் பொருளை மகிழ்வோடு வாங்கி உள்ளே வைப்பதும் நம் மரபு. அந்தப் பொருளுக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்து, நாம் அறியாத வேளையில் வெளியே வந்து, வீட்டுச் சாவிக்கொத்தைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, நம் கண்ணில் படாமலே அங்குக் குடியேறிவிட்டால் என்ன சொல்வோம்? "நான் திருட வரவில்லை ஐயா, என் எசமானரின் பொருளை நீங்கள் திருடிவிடக் கூடாதே என்று காவல் காக்க வந்தேன்" என்று அவன் விடை கூறினால் நம் சினம் தணியுமா?

இது கற்பனைக் கதை போலத் தோன்றலாம். ஆயினும் 2005ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளில் இதுவே நடந்தது. விருந்தாக வந்தது இசைத்தட்டு. அதனுள் ஒளிந்து வந்தது, படி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள். அனுப்பி வைத்தது உலகின் மாபெரும் இசை நிறுவனங்களுள் ஒன்று. நியாயமான ஓர் உரிமையை நியாயமற்ற வழியில் காக்க முற்பட்டால் என்ன விளையும் என்பதற்கு அண்மைக் கால வரலாறு தந்துள்ள தெளிவான பாடங்களுள் இதுவும் ஒன்று. எனவே அதனைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

பூட்டில்லாமல் பிறந்த தட்டு

குறுந்தகடு என்று நாம் அழைக்கும் இசைத்தட்டை ஜப்பானின் சோனி நிறுவனமும் ஆலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனமும் கூடி உருவாக்கின. 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக மாற்றி, அந்த எண்களை நுண்ணிய குழிகளாகத் தட்டில் பதிப்பது அதன் முறை. ஊசி கீறும் ஓசையும் ஒலிநாடாவின் இரைச்சலும் இல்லாத இசை அதிலிருந்து பிறந்தது.

அந்தத் தட்டுக்கு அதனை ஆக்கியோர் பூட்டு எதுவும் போடவில்லை. போட வேண்டிய தேவையை அவர்கள் உணரவில்லை. அன்றைய வீட்டுக் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பாட்டின் சில விநாடிகளுக்கு மேல் அடங்காது. முழுத் தட்டையும் யார், எதில் படி எடுக்கப் போகிறார்கள்?

பத்து, பதினைந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. இசைத்தட்டைப் படிக்கும் கருவியும், பின்னர் புதுத்தட்டில் எழுதும் கருவியும் கணிப்பொறியின் உறுப்புகளாயின. ஒலியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கும் 'எம்.பி.3' முறை வந்தது. 1999இல் 'நாப்ஸ்டர்' என்னும் சேவை தோன்றி, முன்பின் அறியாதோர் இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் பாடல்களைப் பரிமாறிக்கொள்ளச் செய்தது. நீதிமன்ற ஆணையால் 2001இல் அது நின்றது. ஆனால் அது காட்டிய வழி அடைபடவில்லை.

இசை நிறுவனங்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவுக் கூடத்தில் இரவு பகலாக உழைத்தவர் ஆகிய எல்லாரும் அந்தத் தட்டின் விற்பனையால் பிழைப்பவர்கள். உழைப்பாளிக்குரிய கூலியை நிறுத்திவைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று நாம் சிறு வயதிலேயே மறைக்கல்வியில் கற்றிருக்கிறோம். பாடலை விலையின்றி எடுத்துக்கொள்பவன் ஏழாம் கட்டளையின் முன் நிற்கிறான் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கையும் நினைவுகூர்தல் வேண்டும். சோனி நிறுவனம் ஒரு காலத்தில் இந்த வழக்காட்டத்தின் மறுபக்கத்தில் நின்றது. அது விற்ற 'பீட்டாமேக்ஸ்' ஒளிப்பதிவுக் கருவியால் மக்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறார்கள், அது பதிப்புரிமைக்கு எதிரானது என்று திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஒரு நிகழ்ச்சியைப் பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். மயிரிழையில் வென்றது சோனி. வீட்டுக்குள் மக்களுக்குள்ள உரிமைக்காக அன்று வாதாடிய அதே நிறுவனம் 1988இல் சி.பி.எஸ். இசை நிறுவனத்தை விலைக்கு வாங்கிப் பாடல்களின் உரிமையாளராயிற்று. உடைமை கூடியபோது கண்ணோட்டமும் மாறியது.

பேனாவால் தோற்ற பூட்டு

பிறந்தபோது பூட்டில்லாத பொருளுக்குப் பிறகு பூட்டுப் போடுவது கடினம். பழைய கருவிகளிலெல்லாம் தட்டு பாட வேண்டும். கணிப்பொறியில் மட்டும் அது படி எடுக்கப்படக் கூடாது. இந்த இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முயன்றவர்கள் பலர். 2002இல் ஐரோப்பாவில் அப்படிப் பூட்டிய தட்டுகள் சில விற்பனைக்கு வந்தன. தட்டின் வெளிவிளிம்பில் மைப்பேனாவால் ஒரு கோடு தீட்டினால் பூட்டுத் திறந்துகொள்கிறது என்று விரைவில் தெரியவந்தது. 2003இல் 'மீடியாமேக்ஸ்' என்னும் வேறொரு பூட்டு வந்தது. தட்டைக் கணிப்பொறியில் இடும்போது விசைப்பலகையில் 'ஷிஃப்ட்' விசையை அழுத்திப் பிடித்தால் அந்தப் பூட்டு வேலை செய்வதில்லை என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேன் எழுதினார். பூட்டைச் செய்த 'சன்காம்' நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடரப் போவதாக முதலில் மிரட்டியது. உலகம் நகைப்பதைக் கண்டு பின்வாங்கியது.

இந்தத் தோல்விகளிலிருந்து நிறுவனங்கள் ஒரு முடிவுக்கு வந்தன. தட்டில் பூட்டுவதால் பயனில்லை. தட்டை வாங்குபவரின் கணிப்பொறியையே பூட்ட வேண்டும். இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே. தன் பொருளுக்குக் காவல் போடுவது ஒன்று. பிறர் வீட்டில் அவர் அறியாமல் காவலாளியைக் குடிவைப்பது முற்றிலும் வேறு ஒன்று.

எவருக்கும் தெரியாத குடியிருப்பு

2004இல் சோனியின் இசைப் பிரிவும் செருமனி நாட்டுப் பெர்டல்ஸ்மன் குழுமத்தின் இசைப் பிரிவும் இணைந்து 'சோனி பி.எம்.ஜி.' என்னும் நிறுவனம் உருவாயிற்று. அது தன் தட்டுகளில் இருவகைப் பூட்டுகளைப் பயன்படுத்தியது. ஒன்று, முன்னே கூறிய மீடியாமேக்சின் புதிய வடிவம். மற்றொன்று, இங்கிலாந்து நாட்டு 'ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட்' என்னும் சிறு நிறுவனம் ஆக்கிய 'எக்ஸ்.சி.பி.' நம் வரலாற்றின் மையம் இந்த இரண்டாவதே.

எக்ஸ்.சி.பி. உள்ள தட்டை விண்டோஸ் கணிப்பொறியில் இட்டவுடன் ஓர் உரிம ஒப்பந்தம் திரையில் தோன்றும். ஆயிரக்கணக்கான சொற்களைக் கொண்ட சட்ட மொழி. ஒப்புக்கொண்டால்தான் பாட்டுக் கேட்கலாம். ஒப்புக்கொண்டவரின் கணிப்பொறியில் அந்நிறுவனத்தின் இசைக்கருவி நிறுவப்படும். மூன்று படிகளுக்கு மேல் எடுக்க அது விடாது. இதுவரை நடந்தது வாங்கியவர் அறிய நடந்தது. அவர் அறியாதது இனிமேல்தான்.

கணிப்பொறியில் என்ன இருக்கிறது என்று அறிய நாம் இயக்க மென்பொருளைத்தான் கேட்கிறோம். அது வீட்டு மேலாளரைப் போன்றது. எந்த அறையில் என்ன உள்ளது, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் அது பட்டியல் தரும். எக்ஸ்.சி.பி. அந்த மேலாளரின் வாயையே மாற்றிவிட்டது. இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே 'சிஸ்' என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பெயருடைய எதுவும், அது கோப்பாக இருந்தாலும் இயங்கிக்கொண்டிருக்கும் நிரலாக இருந்தாலும், பட்டியலில் வராது. கணிப்பொறியின் சொந்தக்காரர் கேட்டாலும் 'அப்படி ஒன்றுமில்லை' என்றே விடை வரும். கொள்ளையர்களும் உளவாளிகளும் பிறர் கணிப்பொறியில் நுழைந்து தங்கள் தடத்தை மறைக்கக் கையாளும் உத்தி இது. 'ரூட்கிட்' என்று அதற்குப் பெயர்.

மறைந்திருந்தது மட்டுமன்று; மாறுவேடமும் பூண்டிருந்தது. பின்னணியில் இயங்கிய அதன் ஒரு பகுதி விண்டோசின் சொந்த உறுப்பு என்று எண்ணத் தூண்டும் பெயரைத் தாங்கியிருந்தது. தட்டைப் பயன்படுத்தாத வேளையிலும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை அது விழித்துக் கணிப்பொறியை நோட்டமிட்டது. இசைக்கருவியைத் திறக்கும்போதெல்லாம் எந்தத் தட்டு ஓடுகிறது என்பதை இணையம் வழியே நிறுவனத்தின் கணிப்பொறிக்குத் தெரிவித்தது. நீக்குவதற்கு வழி எதுவும் தரப்படவில்லை. விவரமறிந்தவர் தாமே கண்டு அழித்துவிட்டாலோ, தட்டுப் படிக்கும் கருவியே செயலற்றுப் போயிற்று.

ஏன் இவ்வளவு மறைப்பு? விடை எளிது. தெரிந்தால் எவரும் அதனை வைத்திருக்கமாட்டார். ஒப்புதல் கிடைக்காது என்று அறிந்தே ஒப்புதலைக் கடந்து சென்றார்கள். மீடியாமேக்ஸோ, ஒப்பந்தத்தை 'ஏற்கவில்லை' என்று மறுத்தவரின் கணிப்பொறியிலும் தன் கோப்புகளை இறக்கிவைத்தது.

வெளிச்சத்துக்கு வந்த நாள்

மார்க் ருசினோவிச் விண்டோசின் உள்ளமைப்பை நுணுகி அறிந்த அமெரிக்க வல்லுநர். மறைந்திருக்கும் ரூட்கிட்களைக் கண்டறியும் கருவி ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். அதனைத் தம் கணிப்பொறியிலேயே சோதித்துப் பார்த்தபோது, அங்கேயே ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டு திகைத்தார். தடம் பிடித்துச் சென்றார். அது இங்கிலாந்து நிறுவனத்தின் பெயரிலும், பின்னர் அவர் விலை கொடுத்து வாங்கிய ஓர் இசைத்தட்டிலும் போய் முடிந்தது. 'வான் சாண்ட்' சகோதரர்களின் இசைத்தொகுப்பு அது. மேலே உள்ளவரோடு உன் கணக்கை நேர்செய்துகொள் என்று பொருள்படும் தலைப்பை அது தாங்கியிருந்தது! 2005 அக்டோபர் 31 அன்று தாம் கண்டதை அவர் ஆதாரங்களோடு வெளியிட்டார். செய்தி உலகெங்கும் பரவியது.

அவர்தாம் முதலில் கண்டவரா என்றால் இல்லை. ஃபின்லாந்து நாட்டுப் பாதுகாப்பு நிறுவனமான எஃப்-செக்யூர் இதனை முன்னரே அறிந்து, அக்டோபர் தொடக்கத்திலேயே சோனி பி.எம்.ஜி.க்குத் தெரிவித்திருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹால்டர்மேனும் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனும் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பே கண்டிருந்தனர். ஆனால் வெளியில் சொல்லவில்லை, வழக்கறிஞர்களோடு கலந்துகொண்டிருந்தனர். காரணம், 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம். படி எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது அது. பூட்டுக்குள் பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் பூட்டை உடைத்ததாகிவிடுமோ என்று அறிஞர்கள் அஞ்சினர். திருடனைத் தடுக்க எழுதிய சட்டம் சாட்சியின் வாயைக் கட்டியது. அந்த ஒரு மாத மௌனத்தில் இன்னும் எத்தனையோ பேர் அந்தத் தட்டுகளை வாங்கித் தங்கள் வீட்டுக்குள் கொண்டு சென்றனர்.

மறைப்பு ஈன்ற தீமைகள்

தவறு வெளிப்பட்டபின் அதனை ஏற்றுக்கொள்வது ஒரு வழி. சிறிதாக்கிக் காட்டுவது மற்றொரு வழி. நிறுவனம் இரண்டாவதைத் தேர்ந்தது. நவம்பர் 4 அன்று வானொலிப் பேட்டியில் அதன் உயர் அதிகாரி தாமஸ் ஹெஸ்ஸே, ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோர்க்குத் தெரியாது, பின் அவர்கள் எதற்காகக் கவலைப்பட வேண்டும் என்னும் பொருள்படப் பேசினார். அறியாதவரிடம் அறியாமையைக் காரணம் காட்டி உரிமையை மறுக்கும் இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. எழுத்தறியாத ஏழையின் கைநாட்டை வெற்றுத் தாளில் வாங்கிய வட்டிக்காரனின் குரலும் இதுதான்.

மறைப்பை மட்டும் நீக்கும் ஒரு திருத்தத்தை நிறுவனம் வெளியிட்டது. காவலாளி அங்கேயே இருந்தான், முகமூடி மட்டும் கழன்றது. முழுவதும் நீக்க விரும்பியவர் ஒரு படிவத்தை நிரப்பி, மின்னஞ்சல் முகவரி தந்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த நீக்கும் கருவியை ஆராய்ந்த ஃபெல்டனும் ஹால்டர்மேனும் இன்னும் பெரிய ஆபத்தைக் கண்டனர். அது கணிப்பொறியில் ஒரு கதவைத் திறந்தே விட்டுச் சென்றது. அதன் பின் அந்தக் கணிப்பொறியில் எந்த இணையப் பக்கத்தைப் பார்த்தாலும், அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் தாம் விரும்பும் நிரலை உள்ளே செலுத்த இயலும். நோயைவிட மருந்து கொடிதாயிற்று.

இதனிடையே, மறைவிடம் இருப்பதை அறிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பெயரின் முதலில் அந்தக் குறியைச் சேர்த்துவிட்டால் எந்த நிரலும் கண்ணுக்குத் தெரியாது. சோனியின் நிரல்தானா என்று அந்தத் திரை கேட்பதில்லை. இணைய விளையாட்டில் ஏமாற்றுவோர் தங்கள் கருவிகளை அதன் பின்னே ஒளித்தனர். நவம்பர் 10 அன்று, ஒரு வணிக இதழின் பெயரில் வந்த பொய் மின்னஞ்சலோடு ஒரு நச்சு நிரல் பரவத் தொடங்கியது, எக்ஸ்.சி.பி. இருந்த கணிப்பொறிகளில் அந்தத் திரைக்குள் அது பதுங்கிக்கொள்ள முயன்றது. கோதுமை வயலில் இரவோடு இரவாகக் களை விதைத்தவன் பகைவன் என்று நற்செய்தியின் உவமை சொல்கிறது. இங்கோ, விதை விற்றவரே வேலியில் வழி திறந்து வைத்தார். பகைவன் அதன் வழியே வந்தான்.

அதே நவம்பர் 10 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஸ்டூவர்ட் பேக்கர் ஒரு கூட்டத்தில் பேசியபோது, பாடல் உங்கள் உடைமையாக இருக்கலாம், கணிப்பொறி உங்களுடையதன்று என்பதை மறவாதீர் என்று இசைத் தொழிலாருக்கு உணர்த்தினார். மறுநாளே நிறுவனம் எக்ஸ்.சி.பி. தட்டுகளின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சில நாட்களில் கடைகளிலிருந்து தட்டுகளைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்கு மாற்றித் தரவும் இசைந்தது. 52 இசைத்தொகுப்புகள், அனுப்பப்பட்ட தட்டுகள் ஏறத்தாழ 47 இலட்சம், அவற்றுள் விற்றவை ஏறத்தாழ 21 இலட்சம். பாதுகாப்பு ஆய்வாளர் டேன் காமின்ஸ்கி இணையத்தின் முகவரிக் கணிப்பொறிகளில் எஞ்சியிருந்த தடங்களை எண்ணிப் பார்த்தார். குறைந்தது 5,68,200 முகவரிக் கணிப்பொறிகளில் அந்த மென்பொருளின் தடம் தெரிந்தது. ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை வீடுகள், எத்தனை அலுவலகங்கள் என்பதை யாரும் முழுமையாக எண்ணிவிட முடியாது.

இன்னொரு வியப்பும் வெளிப்பட்டது. எக்ஸ்.சி.பி.யின் உள்ளே, பிறர் எழுதித் திறந்த உரிமத்தோடு வெளியிட்ட 'லேம்' என்னும் நிரலின் பகுதிகள் இருப்பதை நிரலாளர்கள் சுட்டிக்காட்டினர். பிறர் படைப்பைப் படி எடுக்காதே என்று காவல் காக்க வந்தவனின் சட்டைப் பையிலேயே பிறர் படைப்பின் படி இருந்தது!

நீதிமன்றத்தின் முன்

2005 நவம்பர் 21 அன்று டெக்சாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். நுகர்வோர் சார்பிலும் வழக்குகள் எழுந்தன. நியூயார்க் நீதிமன்றம் 2006 மே மாதம் இறுதி ஒப்புதல் அளித்த இணக்கத்தின்படி, எக்ஸ்.சி.பி. தட்டு வாங்கியவர்க்குப் பூட்டற்ற மாற்றுத் தட்டும், அதனோடு 7.50 டாலரும் ஓர் இசைத்தொகுப்பை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் உரிமையும், அல்லது பணத்துக்கு மாற்றாக மூன்று தொகுப்புகளும் கிடைத்தன. 2006 டிசம்பரில் டெக்சாசுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் தலா 7,50,000 டாலர், ஏறத்தாழ நாற்பது பிற மாநிலங்களுக்குச் சேர்த்து 42,50,000 டாலர் தர நிறுவனம் இசைந்தது. 2007 ஜனவரியில் நடுவண் வணிக ஆணையத்துடனும் இணக்கம் ஏற்பட்டது. மென்பொருளை நிறுவும் முன் வெளிப்படையாகத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும், கணிப்பொறி கெட்டவர்க்கு 150 டாலர் வரை ஈடு தர வேண்டும் என்பன அதன் கூறுகள். நுகர்வோரின் கணிப்பொறி நுகர்வோருக்கே உரியது என்று ஆணையத்தின் தலைவர் அப்போது தெளிவுபடுத்தினார். இவ்வளவு எளிய உண்மையைச் சொல்ல ஓர் ஆணையம் தேவைப்பட்டது.

2006 நவம்பரில், இத்தகைய பூட்டுகளின் பாதுகாப்புக் குறைகளை ஆராய்வோர்க்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. சாட்சியின் வாய்க்கட்டு ஓரளவு அவிழ்ந்தது.

ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும்

இந்த வரலாற்றில் தண்டனை யாருக்குக் கிடைத்தது என்று சிந்திப்போம். பாடலை இணையத்தில் விலையின்றி எடுத்தவரின் கணிப்பொறிக்கு ஒரு கேடும் வரவில்லை. அவர் தட்டை வாங்கவேயில்லை அன்றோ! கடைக்குச் சென்று, உரிய விலை கொடுத்து, நேர்மையாக வாங்கி, ஒப்பந்தத்துக்கும் உடன்பட்டவரே துன்புற்றார். நேர்மையாளனை ஐயுற்று, அவன் நேர்மையையே நுழைவாயிலாக்கிக்கொண்டதுதான் இதன் பெருங்கொடுமை.

பாடகர்களும் இதனால் புண்பட்டனர். கிறித்தவ நம்பிக்கையில் வேரூன்றிய இளைஞர்களின் இசைக்குழு 'சுவிட்ச்ஃபுட்'. அவர்களின் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பும் எக்ஸ்.சி.பி.யுடனேயே வெளிவந்தது. ருசினோவிச்சின் வெளிப்பாட்டுக்கு முன்பே, பூட்டினால் தொல்லையுற்ற நேயர்களிடம் தம் மனத்துயரைக் கூறி, அதனைக் கடக்கும் வழியையும் எழுதினார் அக்குழுவின் டிம் ஃபோர்மன். யாருடைய உழைப்பைக் காப்பதாகச் சொல்லிப் பூட்டுப் போட்டார்களோ, அவரே பூட்டைத் திறக்கும் வழி சொன்னார். கேட்பவரின் நம்பிக்கை போனால் பாட்டுக்கு வாழ்வில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

திருட்டு என்பது என்ன? உரிமையாளரின் நியாயமான விருப்பத்துக்கு மாறாக அவர் உடைமையைக் கைக்கொள்வது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் விளக்கம் தருகிறது. இந்த விளக்கத்தை இரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்ப்போம். பாடலை விலையின்றி எடுப்பவன் இதற்குள் அடங்குகிறான். பிறர் கணிப்பொறியை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவருபவனும் இதற்குள்ளேயே அடங்குகிறான். ஏழாம் கட்டளையைக் காக்கப் புறப்பட்ட நிறுவனம் அதனையே மீறியது. அந்த மீறலை மறைக்க, உண்மைக்குச் சான்று பகரக் கோரும் எட்டாம் கட்டளையையும் மீறியது. நன்மை விளையும் என்று தீமை செய்யலாகாது என்பது புனித பவுலின் காலந்தொட்டுத் திருச்சபை விடாது கற்பித்துவரும் நெறி. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1993இல் வெளியிட்ட 'உண்மையின் ஒளி' என்னும் சுற்றுமடலிலும் இதனையே அழுத்தமாக எடுத்துரைத்தார். நல்ல நோக்கம் தீய வழியைத் தூய்மையாக்காது.

மற்றொரு பாடமும் உண்டு. மறைந்திருந்து ஆளும் அதிகாரம், அதனை உருவாக்கியவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. தன் நிரலுக்காக மட்டும் இருட்டறை கட்டினார் ஒருவர். அந்த இருட்டில் எவரும் பதுங்கலாம் என்றாயிற்று. ஆட்டுப் பட்டிக்குள் வாயில் வழியே வராமல் வேறு வழியாக ஏறி வருபவனைப் பற்றி ஆண்டவர் எச்சரித்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வந்தவன் யார் என்று அறிய அவன் வந்த வழியே போதுமான அடையாளம்.

பின்னர் நடந்தது

இசை நிறுவனங்கள் தாமாகவே பாதையை மாற்றிக்கொண்டன. 2007 ஏப்ரலில் இ.எம்.ஐ. நிறுவனம் பூட்டில்லாத பாடல்களை இணையத்தில் விற்கப்போவதாக அறிவித்தது. பிறவும் தொடர்ந்தன. நான்கு பெரு நிறுவனங்களுள் கடைசியாக 2008 ஜனவரியில் சோனி பி.எம்.ஜி.யும் இணங்கியது. அதே ஆண்டில் பெர்டல்ஸ்மனின் பங்கையும் சோனி வாங்க, அந்தப் பெயரும் மறைந்தது. பூட்டை நீக்கியதால் இசை அழிந்துவிடவில்லை. வாங்குவது எளிதாகி, விலையும் நியாயமானபோது மக்கள் வாங்கவே செய்தனர்.

ஆயினும் பூட்டு உலகை விட்டுப் போய்விடவில்லை; இடம் மாறியது. இன்று பலர் பாடலை வாங்குவதில்லை. மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கிறார்கள். கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கும். இது வெளிப்படையான உடன்படிக்கை என்ற அளவில் குறை கூற இடமில்லை. ஆனால் நம் கைப்பேசிகளில் நாம் நிறுவும் செயலிகள் எத்தனையோ, தங்கள் வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியான அனுமதியைக் கேட்கின்றன. நாமும் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொடுகிறோம். 2005இல் மறைவாகச் செய்யப்பட்டது இன்று நம் விரலாலேயே செய்யப்படும் நிலை வந்திருக்கிறது.

சமூகத் தொடர்புச் சாதனங்களின் நோக்கமும் அளவுகோலும் மனித ஆளும் மனித சமூகமுமே என்று 2002இல் வெளியான, இணைய அறநெறி பற்றிய திருப்பீட ஆவணம் வலியுறுத்தியது. இந்த அளவுகோலை நாம் இரு பக்கமும் பிடித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். விற்பவரிடம், எங்கள் வீட்டில் நீங்கள் வைப்பது எதுவோ அதை எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அந்த உரிமையைக் கேட்கும் நாவே, பிறர் உழைத்து ஆக்கிய பாடலையும் நூலையும் மென்பொருளையும் விலையின்றிப் பெற்றுப் பத்துப் பேருக்கு அனுப்பிவைத்ததைத் தன் மனச்சான்றிடம் மறைத்துவிடக் கூடாது. பக்திப் பாடல் என்பதால் அதனைப் பாடியவரின் கூலி குறைந்துவிடுவதில்லை.

நேர்மையானவனுக்கு மறைவிடம் தேவையில்லை. இது பெருநிறுவனத்துக்கும் பொருந்தும். இல்லத்தில் தனித்திருந்து திரையைத் தொடும் நமக்கும் பொருந்தும். மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி எதையும் மறைத்துவிடும் திரையை நிரலாளர் நெய்துவிடலாம். ஆனால் எந்தத் திரைக்கு அப்பாலும் காண்பவர் ஒருவர் உண்டு. அவர் முன்னிலையில் விற்போம். அவர் முன்னிலையில் வாங்குவோம்.